சுவரோரம் நிற்கும் போன்

எழில்: இந்தப் போன் யாருதுக்கா?

வள்ளித்தாய்: எந்தப் போனு?

எழில்: இந்தா, என் செல்லுல பாருங்க. இந்த மாடியில நாங்க மாட்டுன வைஃபை பெட்டியோட எந்தெந்தப் போன் சேருதுன்னு இதுல வரிசையாக் காட்டும். மத்ததுக்கெல்லாம் கம்பெனிப் பேரா இருக்கு. இது ஒண்ணுக்கு மட்டும் 'வள்ளி'ன்னு இருக்கு. உங்க பேருதான?

வள்ளித்தாய்: இதே கேள்விய முன்ன ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு.

எழில்: யாரு?

வள்ளித்தாய்: அத விடு. காப்பி குடிக்கியா?

எழில்: வந்ததும் ஒரு காப்பி குடுத்தீக. ஏணி வைக்கும்போது ஒண்ணு. இன்னும் குடிச்சா நான் மேல ஏற மாட்டேன், உருண்டுதான் கீழ வருவேன்.

வள்ளித்தாய்: பொம்பளப்பிள்ள இந்த வெயில்ல கம்பத்துல ஏறி எறங்குறயேன்னு கேட்டேன்.

எழில்: கம்பத்துக்கு ஆம்பள பொம்பள தெரியாதுக்கா. பேச்ச மாத்தாதீக. உங்க போனா இது?

வள்ளித்தாய்: என் போனு இந்தா, இடுப்புல கெடக்கு. பட்டன் போனு. இதுல உன் வைஃபை வருமா?

எழில்: வராது.

வள்ளித்தாய்: பெறகென்ன. ஊருல நான் ஒருத்திதான் வள்ளியா?

எழில்: சரி, வேற வள்ளின்னே வச்சுக்குவோம். நான் வந்த சோலி அது இல்ல. இந்தப் பெட்டி தினமும் சாயங்காலமானா ஏன் செத்துப் போகுதுன்னு பாக்கணும்.

வள்ளித்தாய்: நல்லாத்தான இருக்கு. பச்ச லைட்டு எரியுதுல்ல.

எழில்: இப்ப எரியுது. பொழுது சாயவும் பொசுக்குன்னு அணைஞ்சுருது. கொஞ்ச நேரத்துல தானா உயிரு வந்துருது. உங்க மாடியிலருந்துதான் அச்சாபீஸ் தெரு, கோயில் தெருன்னு அந்தப் பக்கம் பூரா சிக்னலு தாவிப் போகுது. இது அணைஞ்சா அம்புட்டும் அணையும். ஊர் முழுக்க கம்பத்துக்குக் கம்பம் மாட்டியாச்சு. எங்கயும் வராத கம்ப்ளெயின்ட் இங்கன மட்டும் வருது. சூப்பர்வைசரு என்னயப் போட்டுக் காச்சுறாரு.

வள்ளித்தாய்: புறாவா இருக்கும்.

எழில்: புறாவா?

வள்ளித்தாய்: சாயங்காலம் கூட்டமா வந்து உக்காருது. பெட்டி மேலதான் உக்காருது.

எழில்: உக்காந்துட்டு சுவிட்ச அணைச்சுட்டுப் போகுதாக்கும்.

வள்ளித்தாய்: அப்ப மிக்சியா இருக்கும். நான் சட்னி அரைக்கவும் வோல்டேஜ் எறங்கிருது.

எழில்: தினமும் ராத்திரிக்கு சட்னியா?

வள்ளித்தாய்: ஒத்த ஆளுக்கு வேற என்னத்தச் செய்யச் சொல்ற? ரெண்டு தோச. கொஞ்சம் சட்னி. இல்லன்னா இடிக்குப் பயந்து அணைச்சிருப்பேன். பட்டாசு ஆலையில வேல பாத்த ஒடம்பு. வானம் லேசா உருமினாலே கை தன்னால மெயின அணைச்சுரும். எங்க ஆளுக எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

எழில்: அது எனக்கும் தெரியும். எங்கம்மா தாயில்பட்டியில திரி வெட்டுற வேலதான். மேகம் கருத்தா வீட்டுல ஃபேனக்கூட நிப்பாட்டிப்புடும். ஆனா இந்தப் பக்கம் இடி இடிச்சு எம்புட்டு நாளாச்சு? மண்ணு வெடிச்சுக் கெடக்கு.

வள்ளித்தாய்: உங்கம்மா ஆலையிலயா இருக்கு? அப்ப பகல்ல போன் பேச முடியாதே உன்னால.

எழில்: எங்கிட்டுப் பேச? கேட்டுல வாங்கித் தகர டப்பாவுல போட்டுருவாகள்ல. நான் இந்த ஊருக்கே நெட்டுக் குடுக்கேன். எங்கம்மாவக் கூப்பிட்டா டப்பாவுக்குள்ள அடிச்சு அடிச்சு ஓயுது. மத்தியானம் அந்தக் கேட்டுப் பக்கம் நின்னு பாத்திருக்கீகளா? டப்பா பூரா போன் கெடந்து துடிக்கும். எடுக்க ஆளு இருக்காது.

வள்ளித்தாய்: பாத்திருக்கேன். அந்த டப்பாவ நான் நல்லாப் பாத்திருக்கேன்.

எழில்: என்ன திடீர்னு பசையப் போட்டு இந்தக் கிண்டு கிண்டுறீக?

வள்ளித்தாய்: கிண்டலன்னா கட்டியாயிரும். அட்டையில ஒட்டாது.

எழில்: இந்த அட்டையெல்லாம் காலண்டருக்கா?

வள்ளித்தாய்: ஆமா. சாமி படம் ஒட்டி, கீழ தேதித்தாளு வச்சுக் குடுக்கணும். அடுத்த வருசம் பூரா என் கையிலதான் கெடக்கு. இன்னைக்குச் சாயங்காலத்தத்தான் தாண்ட முடியல.

எழில்: ஏன், இன்னைக்குச் சாயங்காலம் என்ன?

வள்ளித்தாய்: ஒண்ணுமில்ல. நீ பாரு உன் சோலிய.

எழில்: அக்கா... நான் ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது.

வள்ளித்தாய்: சொல்லு.

எழில்: ரிப்பேர் பாக்க மட்டும் வரல. இன்னைக்கே கழட்டிருன்னு சொல்லிவிட்டாக. உங்க மாடி வேணாமாம். தண்ணி டாங்க்கு மேல மாட்டப் போறோம்.

வள்ளித்தாய்: கழட்டவா?

எழில்: ஆமாக்கா.

வள்ளித்தாய்: அதெல்லாம் கழட்டக் கூடாது.

எழில்: ஏன்க்கா? உங்களுக்கு நல்லதுதான. மாடியில வயரும் கம்பியுமா கெடக்கு. சாயங்காலமானா தெருப்பிள்ளைக பூரா உங்க சுவத்துல ஒட்டிக்கிட்டு கேம் வெளையாடுது. ஒரே இரைச்சல். போயிட்டா நிம்மதி.

வள்ளித்தாய்: நிம்மதி எனக்கு நெறைய இருக்கு. இந்த வீட்டுல அது ஒண்ணுதான் கெடக்கு. நீ கழட்டாத.

எழில்: உங்ககிட்ட நெட்டுப் போனே இல்லையே. இது இருந்தா என்ன, போனா என்ன?

வள்ளித்தாய்: இருக்கட்டும்ங்கேன். இனிமே அணையாது. நான் பாத்துக்கிறேன்.

எழில்: புறாவயா, மிக்சியயா?

வள்ளித்தாய்: கிண்டல் பண்ணாத பிள்ள.

எழில்: நான் மட்டும் முடிவு பண்ணுற விசயமா இருந்தா விட்டுருவேன். எனக்கே அந்த டாங்க்குக்குப் போகப் பிடிக்கல. அங்கன ஒரு வாட்ச்மேன் இருக்காரு. ஒரு மாதிரியான ஆளு.

வள்ளித்தாய்: வம்பு பேசுறவரா?

எழில்: வம்பெல்லாம் இல்ல. பேசவே மாட்டாரு. முதல்ல டாங்க்குலதான் இந்தப் பெட்டிய மாட்டணும்னு பிளான். போய் நின்னேன். 'ஏணி ஒடஞ்சிருக்கு, மேல ஏற முடியாது'ன்னாரு. சரின்னு திரும்புனா, கூப்பிட்டு, 'அந்தா தெரியுதுல்ல பச்ச வீடு, அந்த மாடி நல்ல ஒசரம், அங்கன வைங்க'ன்னாரு. அப்படித்தான் உங்க வீட்டுக்கு வந்தோம்.

வள்ளித்தாய்: ஓ. அந்த ஆளு சொல்லித்தான் வந்தீகளா?

எழில்: அதக் கேளுங்க. போன வாரம் அந்தப் பக்கம் போறேன், மனுசன் அந்த ஏணியில கடகடன்னு ஏறி எறங்குறாரு! ஒரு படி கூட ஒடையல. 'என்ன தாத்தா, ஏணி ஒடஞ்சிருக்குன்னீக'ன்னா, 'இப்பத்தான் சரியாச்சு'ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

வள்ளித்தாய்: வயசான ஆளா?

எழில்: தாத்தான்னது சும்மா சீண்டத்தான். ஒரு ஐம்பத்தஞ்சு இருக்கும். வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சாம். ஆமத்தூர் பக்கமிருந்து இந்த டாங்க்குதான் வேணும்னு கேட்டு வாங்கி வந்தாராம். தண்ணி டாங்க்க யாராச்சும் கேட்டு வாங்குவாகளா? அதுவும் மத்தியானமானா அவரு போன்ல சேவல் கூவும் பாருங்க...

வள்ளித்தாய்: என்ன கூவும்?

எழில்: சேவல். கொக்கரக்கோன்னு. நடு மத்தியானத்துல. ஒடனே மனுசன் எந்திரிச்சு, சட்டப்பையிலருந்து மாத்திரைய எடுத்துப் போட்டுட்டுத்தான் சோத்துப் பொட்டலத்தப் பிரிப்பாரு. நாங்க எல்லாம் சிரிப்போம்... அக்கா, பசை கொட்டுது. அட்டை மேல கொட்டுது பாருங்க!

வள்ளித்தாய்: கொட்டட்டும். அவரு பேரு என்ன?

எழில்: என்னமோ சாமி... மொக்கைச்சாமி. தெரிஞ்சவுகளா?

வள்ளித்தாய்: அந்தச் சேவலு நான் வச்சது.

எழில்: என்னது?

வள்ளித்தாய்: அவருக்குச் சர்க்கர. சோத்துக்கு முன்ன மாத்திர போடணும். லீவு நாள்னா மறந்துருவாரு. ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுல வெட்டியா உக்காந்திருக்கும்போது போன நோண்டி நோண்டி அலாரம் வச்சேன். இருந்த சத்தத்துல சேவல்தான் எனக்குப் பிடிச்சுச்சு.

எழில்: அப்ப அவரு...

வள்ளித்தாய்: எனக்குத் தாலி கட்டுனவரு.

எழில்: அய்யோ அக்கா. நான் பாட்டுக்குக் கேலி பேசிக்கிட்டு...

வள்ளித்தாய்: நீ பேசு. அவரப் பத்தி யாரும் என்கிட்ட பேசி வருசக்கணக்காச்சு.

எழில்: அப்ப இந்த 'வள்ளி'ங்கிற போன்...

வள்ளித்தாய்: என்னுதுதான். அவரு வாங்கித் தந்தது. கடையில வச்சே எம் பேரப் போடச் சொன்னாரு. கடைக்காரப் பய சிரிச்சான். 'என்னண்ணே, பொண்டாட்டி தொலைஞ்சு போயிருவாகளா'ன்னு.

எழில்: உங்க போன் அவருகிட்ட எப்படி?

வள்ளித்தாய்: ரெண்டு பேரும் நாரணாபுரத்துல ஒரே ஆலை. அவரு போர்மேனு. நான் அவருக்குக் கீழ குழாய்க்கு மருந்து அடைக்கிற ரூம்ல. அலாரம் வச்சேன்னேன்ல, அதுக்கு மறுநாள். சோத்துப்பையில துண்டு விரிச்சு தூக்குச்சட்டிய வைப்பேன். அந்தத் துண்டு மடிப்புக்குள்ள போன் கெடந்திருக்கு. நான் பாக்கல. கேட்டுல தடவிப் பாத்தவளுக்கும் சிக்கல. பைய எப்பவும் போல ரூமுக்கு வெளிய வேம்புல மாட்டிட்டு வேலைக்கு உக்காந்துட்டேன்.

எழில்: மத்தியானம் கூவிருச்சு.

வள்ளித்தாய்: கூவிருச்சு. ஆலைக்குள்ள போன் சத்தம்னா எப்படி இருக்கும்னு உங்கம்மாகிட்ட கேளு. அம்புட்டுப் பேரும் போட்டது போட்டபடி எந்திரிச்சு வெளிய ஓடினோம். அவரு மட்டும் நடந்து போயி பையிலருந்து போன எடுத்தாரு. எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாரு. என் முன்னால வந்து நின்னு கேக்காரு... 'இந்தப் போன் யாருதும்மா?'

எழில்: அவரே வாங்கிக் குடுத்த போன...

வள்ளித்தாய்: சட்டம் சரிதான் தாயி. நான் தப்புச் சொல்லல. ஒரு போன்னால ஒரு ரூமே போயிருக்கும். அவரு இல்ல, யாரா இருந்தாலும் கேக்கணும். ஆனா 'ம்மா'ன்னாரு. ரோட்டுல போறவளக் கேக்குற மாதிரி. காலையில நான் கட்டிக் குடுத்த சோறு அந்தப் பையிலதான் இருக்கு. அவரு சோறும் அதுலதான்.

எழில்: நீங்க என்ன சொன்னீக?

வள்ளித்தாய்: வாயத் தொறக்கல. அவரே ஆபீசுல போயி எம் பேரச் சொல்லி எழுதிக் குடுத்தாரு. அன்னைக்கோட என் வேல போச்சு.

எழில்: வீட்டுக்கு வந்து சண்டை போட்டீகளா?

வள்ளித்தாய்: போட்டிருந்தா தீந்திருக்கும். பேசல. அவரும் பேசல. தட்டுல சோத்தப் போட்டு வச்சேன், தின்னாரு. இப்படியே கொஞ்ச நாளு. ஒருநாள் விடியக்கால துண்ட எடுத்துத் தோள்ல போட்டாரு, அக்கா வீட்டுக்கு ஆமத்தூருக்குப் போயிட்டாரு. போறேன்னு கூடச் சொல்லல. அந்த வருசமே அவரும் ஆலைய விட்டுட்டாருன்னு பெறகு கேள்விப்பட்டேன். பிள்ளகுட்டி இருந்தா அது போயி இழுத்துட்டு வந்திருக்கும். எங்களுக்கு அதுவும் இல்ல.

எழில்: போன மட்டும் குடுக்கவே இல்லையா?

வள்ளித்தாய்: எப்படிக் குடுப்பாரு? ஆலையில புடிச்ச போன, ஒடையவுக வந்து 'என்னுது'ன்னு வாய் தொறந்து சொன்னாத்தான் குடுக்கணும். அது அங்கன வழக்கம். நான் சொல்லல. அவரு குடுக்கல. போர்மேனுல்ல!

எழில்: இப்படி ஒரு ஆளா!

வள்ளித்தாய்: ரெண்டு ஆளு.

எழில்: ...சரி. அப்ப தினமும் சாயங்காலம் இந்தப் போன் உங்க பெட்டியில வந்து சேருதே... அவரு கீழ நிக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?

வள்ளித்தாய்: தெரியும்.

எழில்: எட்டிப் பாப்பீகளா?

வள்ளித்தாய்: பாத்ததில்ல. இந்தா, இந்தக் கைப்பிடிச் சுவத்துல முதுகச் சாச்சு உக்காந்திருப்பேன். ஒரு நாள் அந்தச் செருமல் கேட்டுச்சு. பிள்ளைக கத்தலுக்கு நடுவுல. எந்தக் கூட்டத்துலயும் எனக்குத் தெரியும் அந்தச் செருமல். எங்கருந்து வாராருன்னு தெரியாது. டாங்க்குல இருக்காருங்கிறதே நீ சொல்லித்தான் தெரியும்.

எழில்: அதனாலதான் கழட்ட வேணாம்னீகளா?

வள்ளித்தாய்: நீயே ரோசன பண்ணு. ஒரு ஆம்பள ஒரு வீட்டு முன்னால சும்மா நின்னா இந்தத் தெரு என்ன பேசும்? அதுவும் விட்டுட்டுப் போன வீட்டு முன்னால. பத்து பேரு போன வச்சுக்கிட்டு நிக்கிற எடத்துல அவரும் ஒரு போன வச்சுக்கிட்டு நின்னா யாரு கேக்கப் போறா? நெட்டுக்கு நிக்காருன்னு நெனப்பாக. பெட்டி போயிட்டா பிள்ளைக போயிரும். பிள்ளைக போயிட்டா அவரு எதச் சாக்குச் சொல்லி நிப்பாரு? டாங்க்குல கொண்டு போயி மாட்டுனா அங்கனயே உக்காந்திருக்க வேண்டியதுதான்.

எழில்: அதான் ஏணிய ஒடச்சாரா மனுசன்!

வள்ளித்தாய்: அத நீ சொல்லவும்தான் எனக்குப் புரியுது. அவரா இந்த மாடியக் காட்டுனாரு?

எழில்: விரல நீட்டிக் காட்டுனாருக்கா. 'பச்ச வீடு'ன்னாரு. என் வீடுன்னு சொல்லல.

வள்ளித்தாய்: பெயின்டு அவரு அடிச்சது.

எழில்: இன்னொன்னும் காட்டவா? இங்க பாருங்க. ஒவ்வொரு போனும் எம்புட்டு நெட்டு இழுத்திருக்குன்னு இருக்கும். இது அந்தக் கேம் பிள்ளைக, கன்னாபின்னான்னு இழுத்திருக்கு. இது 'வள்ளி'. இத்தன நாளா வந்திருக்கு. பாருங்க, ஒரு பொட்டு இழுக்கல. அந்தப் போன் பாட்டுக்கு வந்து சேருது, போயிருது. அவரு அதத் தொடவே இல்ல. நெட்டுக்கு வரலக்கா அவரு.

வள்ளித்தாய்: தெரியும்.

எழில்: அதெப்படித் தெரியும்? உங்ககிட்ட இதெல்லாம் காட்டாதே.

வள்ளித்தாய்: என்கிட்ட வேற வழி இருக்கு.

எழில்: என்ன வழி?

வள்ளித்தாய்: காப்பி ஆறுது.

எழில்: இப்பக் காப்பியே போடலக்கா நீங்க. ஷ்ஷ். கீழ சத்தம். பிள்ளைக வந்துட்டாக போல. பொழுதும் எறங்கிருச்சு.

வள்ளித்தாய்: இன்னைக்கு வரணும்ல... நீ ஏணியோட தெருவுல வரும்போது பாத்திருப்பாரோ? கழட்டப் போறாகன்னு தெரிஞ்சா வராம இருந்துருவாரோ?

எழில்: இருங்க... ஒண்ணு, ரெண்டு... எல்லாம் கேம் பிள்ளைக போன்தான். இன்னும் வரல.

வள்ளித்தாய்: வரலயா? நல்லாப் பாரு தாயி.

எழில்: வந்துருச்சு! 'வள்ளி'. இப்பத்தான். பச்சையாக் காட்டுது.

வள்ளித்தாய்: மெதுவாப் பேசு.

எழில்: எட்டிப் பாக்கட்டா? ...ஆமா. லைட்டுக் கம்பத்துக்குக் கீழ. சட்டப்பையில போன். மத்தவனெல்லாம் செல்லுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கான். இவரு எங்கிட்டோ பாத்துக்கிட்டு நிக்காரு.

வள்ளித்தாய்: மெலிஞ்சிருக்காரா?

எழில்: நீங்களே பாருங்களேன்.

வள்ளித்தாய்: வேணாம்.

எழில்: கூப்பிடுங்கக்கா. இம்புட்டுத் தூரம் வந்து நிக்காரு. 'சாப்பிட்டீகளா'ன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சுபோகும்?

வள்ளித்தாய்: பிள்ளைக எல்லாம் நிக்குதே.

எழில்: நின்னா என்ன?

வள்ளித்தாய்: எழிலு... மாடிப்படி ஓரத்துல ஒரு சுவிட்சு இருக்கு. அத அணை.

எழில்: எந்த...

வள்ளித்தாய்: பெட்டிக்குப் போற சுவிட்சுதான். அணைன்னேன்ல.

எழில்: ...அணைச்சாச்சு.

வள்ளித்தாய்: ம்.

எழில்: நானும் ஒண்ணு ஒளிச்சேன்க்கா. தெருவுல கரண்டு இருக்கும்போதே இந்தப் பெட்டி மட்டும் அணையுதுன்னு எங்க ஆபீசுல காட்டும். கை பட்டாத்தான் அப்படி அணையும். தெரிஞ்சுதான் வந்தேன். நீங்களாச் சொல்லட்டும்னு புறாவையும் மிக்சியையும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

வள்ளித்தாய்: திருட்டுப் பிள்ள.

எழில்: நீங்க மட்டும்? ...அந்தா, கத்துறானுக. 'போச்சுடா'ங்கான் ஒருத்தன். கலையுறானுக. சைக்கிள எடுத்துட்டான். எல்லாரும் போறாக.

வள்ளித்தாய்: எல்லாருமா?

எழில்: அவரு நிக்காரு. நெட்டு செத்துப்போச்சு, அவரு மட்டும் நிக்காரு. அசையல.

வள்ளித்தாய்: நிப்பாரு.

எழில்: இப்பக் கூப்பிடுங்க. தெருவுல வேற யாரும் இல்ல. என் கையப் பிடிச்சுக்கங்க. எந்திரிங்க. ஆங்.

வள்ளித்தாய்: ...ஏங்க.

எழில்: நிமிந்துட்டாரு.

வள்ளித்தாய்: ஏங்க... அந்தப் போன் என்னுதுதான். ...என்ன செய்யுறாரு? என் கண்ணு மங்கலா இருக்கு. நீ பாத்துச் சொல்லு.

எழில்: அப்படியே நிக்காரு. உங்களத்தான் பாக்காரு... சட்டப்பையில கைய விடுறாரு... போன எடுக்காரு. துண்டால தொடைக்காரு... உங்க கேட்டுப் பக்கம் வாராரு. வாராருக்கா!

வள்ளித்தாய்: கேட்டு பூட்டல. தள்ளுனா தொறந்துரும். அவருக்குத் தெரியும்.

எழில்: கேட்டத் தொடல... சுவத்து மேல போன வச்சாரு. சட்டப்பைய இன்னொருக்கத் துழாவுறாரு... ஒண்ணும் எடுக்கல... திரும்பிட்டாரு.

வள்ளித்தாய்: திரும்பிட்டாரா?

எழில்: போறாரு. யோவ், என்னய்யா மனுசன்... நான் கூப்பிடட்டா?

வள்ளித்தாய்: கூப்பிடாத. சத்தம் போடாத.

எழில்: ஒரு வார்த்த சொல்லலையேக்கா. ஒடையவுக கேட்டாக, குடுத்தாச்சு, முடிஞ்சதுன்னு போறாரே. ஆலைன்னு நெனப்பா?

வள்ளித்தாய்: அவரு அப்படித்தான்.

எழில்: நாளைக்கு மத்தியானம் சேவலு இங்கனதான கூவும்?

வள்ளித்தாய்: ஆமா.

எழில்: அவருக்கு மாத்திர?

வள்ளித்தாய்: ...டாங்க்கு எம்புட்டுத் தூரம்?

எழில்: கோயிலத் தாண்டி எடது கைப் பக்கம். நடக்குற தூரம்தான்.

வள்ளித்தாய்: சோத்துக்கு முன்ன போடணும்.

எழில்: போவீகளா?

வள்ளித்தாய்: தெரியல தாயி. இன்னைக்கே ஒரு வார்த்தைக்கு இம்புட்டு வருசம் ஆச்சு.

எழில்: சரி. நான் சூப்பர்வைசருகிட்ட சொல்லிர்றேன்.

வள்ளித்தாய்: என்னன்னு?

எழில்: டாங்க்கு ஏணி ஒடஞ்சிருக்கு, ஏற முடியாதுன்னு.

வள்ளித்தாய்: ...நீயுமா?

எழில்: எல்லாரும் ஆளுக்கொரு பொய்யச் சொல்லியாச்சு, நான் ஒருத்தி சொன்னா என்ன? ஆனா இனிமே நீங்க சுவிட்சுல கை வைக்கக் கூடாது. சத்தியமா. நெட்டுக்கு வாராரா, உங்களுக்காக வாராரான்னு பாக்கத்தான அணைச்சீக? அதான் பாத்தாச்சே. ...அந்தா, தெருமொனைக்குப் போயிட்டாரு. திரும்பிப் பாக்கலக்கா. போயிட்டாரு.

வள்ளித்தாய்: எதுக்கு வாராருன்னு பாக்க ஒருநாள் அணைச்சாப் போதாதா தாயி? மொத நாளே பிள்ளைக போன பெறகும் அந்தச் செருமல் கேட்டுச்சு, தெரிஞ்சுபோச்சு. பெறகு தினமும் அணைச்சேன். அணைச்சா பிள்ளைக எல்லாம் போயிரும். தெருவுல ஒரு சத்தமும் இருக்காது. கீழ அவரு மட்டும் நிப்பாரு, மேல நான் மட்டும் உக்காந்திருப்பேன்... அந்தக் கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேற ஒண்ணும் இல்லாம, இந்தச் சுவரு மட்டும் இருக்கும். அதுக்குத்தான்.